ராணியின் கொண்டையில் மஞ்சள்

அகழாய்வு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னை அழைத்திருந்தார்கள். பேசினேன். மின்விசிறிச் சத்தத்தில் பாதி கேட்டிருக்காது. சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதால் மீதியை நீங்களே கேட்டிருக்க மாட்டீர்கள். அதனால் எழுதியே தந்துவிடுகிறேன். குழி எப்படி வெட்டுவது, மண்ணடுக்கை எப்படி வரைவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன. நான் சொல்லப்போவது ஒரு காசின் கதை. வேலையில் இருந்த காலம் முழுக்க, எங்கே சந்தேகம் வந்தாலும் எனக்கு அந்தக் காசுதான் நினைவுக்கு வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. அப்போது நான் கோவையில் ஒரு பெண்கள் கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். சிங்காநல்லூரில் மில் தொழிலாளி வீட்டுப் பெண். வெள்ளைக்காரன் காலத்தைப் பற்றி வகுப்பில் மணிக்கணக்கில் பேசுவேன். ஆனால் அந்தக் காலத்துச் செங்கல் ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. ஒரு பல்கலைக்கழகம் கோடை விடுமுறையில் அகழாய்வுப் பயிற்சி முகாம் நடத்துகிறது, ஆசிரியர்களும் சேரலாம் என்று தெரிந்ததும் பெயர் கொடுத்துவிட்டேன். மே மாத வெயிலில் கூலி இல்லாமல் மண் வெட்டப் போகிறவளை இப்போதுதான் பார்க்கிறோம் என்றார்கள் வீட்டில்.

இடம் மதுக்கரைக்கு அப்பால், பாலக்காட்டுச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த ஒரு பாழடைந்த கட்டடம். ஊர்க்காரர்கள் அதைத் துரை பங்களா என்றார்கள். கூரை எப்போதோ போய்விட்டது. இடுப்பளவுச் சுவர்களும், மண்ணுக்குள் புதைந்த சுண்ணாம்புத் தளமும் மிச்சம். மதுக்கரையில் பூமியைத் தோண்டுவது புதிய விஷயம் இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்காகப் பல காலமாகத் தோண்டிக்கொண்டேதான் இருந்தார்கள். நாங்கள் களைக்கொத்தும் தூரிகையுமாகக் குந்தியிருப்பதைப் பார்த்து, இந்த வேகத்தில் போனால் சிமெண்டு எப்போது வரும் என்று லாரிக்காரர்கள் கிண்டலடித்துவிட்டுப் போவார்கள்.

முகாமை நடத்தியவரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் கோபித்துக்கொள்வார். போய்ச் சேர்ந்த பிறகும் கோபித்துக்கொள்ளக்கூடிய ஆள். பேராசிரியர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அந்தப் பங்களாவைப் பற்றி ஒரு முடிவு இருந்தது. இந்தப் பக்கம் ரயில் வருவதற்கு முன்பே, கும்பெனிக் காலத்தில், பருத்தி வாங்கிய ஒரு வெள்ளைக்கார வியாபாரி கட்டிய சரக்குக் கிட்டங்கி இது, இங்கிருந்துதான் மாட்டு வண்டிகளில் கணவாய் வழியாக மலையாளக் கரைக்குப் பொதி போனது என்பார். மற்ற அறிஞர்கள் சிரித்தார்கள். ரயில் போட வந்த காண்டிராக்டர்கள் இது போலப் பத்துக் கட்டடம் கட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள், அதில் இதுவும் ஒன்று என்றார்கள். ரயிலுக்கு முன்னா, பின்னா? முகாமின் மொத்தக் கேள்வியும் அவ்வளவுதான். அவர் பல வருடமாக அதற்காகத் தனியாக நின்று வாதாடிக்கொண்டிருந்தார்.

முகாம் இருந்தது விடுமுறைக்கு மூடிய ஒரு பள்ளிக்கூடத்தில். அதன் வராந்தாவில் ஒரு பலகை வைத்திருந்தோம். அன்றன்று கிடைத்த பொருள்களின் புகைப்படங்களை அதில் குத்தி வைப்போம். உடைந்த பீங்கான் தட்டு, புட்டியின் கழுத்து, பித்தளைக் கீல், இப்படி. பொருளைக் கையில் பிடித்தபடி அந்தக் குழிக்குப் பொறுப்பாகப் பயிற்சிக்கு வந்தவர் நிற்பார், முகம் முழுக்கப் பெருமையோடு. சென்னையிலிருந்து வந்த சுரேஷ் என்ற மாணவனிடம் கேமரா இருந்ததால் அவன்தான் படம் எடுப்பான். போத்தனூரில் ஒரு ஸ்டுடியோவில் கழுவி வாங்கி வருவான்.

தோண்டியது யார் என்றால், பக்கத்து ஊரிலிருந்து வந்த பெண்கள். முன்பு காட்டு வேலைக்கும் பிறகு கல் குவாரிக்கும் போனவர்கள். அவர்களில் மாராத்தாள் என்று ஒருவர். நாற்பதைத் தாண்டிய வயது, ஒல்லியான உடம்பு, யாருக்கும் அடங்காத வாய். என்னுடைய குழியில்தான் அவர் வேலை செய்தார். ஒருநாள் தேநீர் வேளையில் பலகை முன்னால் நின்று ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க டீச்சர், நோண்டறது நாங்க. போட்டோவுல நிக்கறது அவிங்களா?"

நான் பலகையைப் பார்த்தேன். அத்தனை நாளும் பார்த்த பலகைதான். ஒரு படத்தின் ஓரத்தில் இரும்புச் சட்டியைப் பிடித்த கை ஒன்று தெரிந்தது. இன்னொன்றில் முக்காட்டுத் துணியின் நுனி. தொழிலாளர்கள் அவ்வளவுதான் இருந்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றே பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. யார் கையில் பொருள் கிடைக்கிறதோ அவர்தான் படத்தில் நிற்க வேண்டும் என்று எல்லோரையும் கூட்டிச் சொல்லிவிட்டார். இன்றும் அது சரியான முடிவு என்றுதான் சொல்வேன். சரியான முடிவும் தன் பங்குக்கு ஒரு வம்பைக் கூட்டி வரும் என்பது மட்டும் அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டொரு நாள் போயிருக்கும். எங்கள் குழியில் சுண்ணாம்புத் தளம் ஒரு மூலையில் உடைந்திருந்தது. அந்த உடைசலுக்கு அடியில் இருந்த மண்ணை மாராத்தாள் கொத்திக்கொண்டிருந்தார். அன்று சுரேஷும் என் குழியில்தான் இருந்தான். திடீரென்று மாராத்தாள், "காசுங்க" என்றார். சுரேஷ் பாய்ந்து வாங்கி, கால்சட்டையில் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துக் கத்தினான். செம்புக் காசு. ஒரு பக்கம் விக்டோரியா ராணியின் தலை.

இதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். விரித்த பாய்க்கு அடியில் இன்றைய செய்தித்தாள் கிடந்தால், பாயை இன்றுதான் விரித்திருக்கிறார்கள். தளத்துக்கு அடியில் ராணி தலைக் காசு கிடந்தால், அந்தக் காசு புழக்கத்துக்கு வந்த பிறகுதான் தளம் போட்டிருக்கிறார்கள். அந்தக் காசோ, பின்பக்கத்தில் இருந்த ஆண்டின்படி, இந்தப் பக்கம் ரயில் ஓடத் தொடங்கி நெடுங்காலம் கழித்து அச்சடித்தது. கும்பெனி வியாபாரி, மாட்டு வண்டி, பருத்திப் பொதி எல்லாம் அந்த ஒரு காசோடு முடிந்துபோனது.

பேராசிரியர் வந்தார். காசை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். முதலில் சுரேஷைத்தான் பிடித்தார். கிடைத்த பொருளைத் தேய்க்கக் கூடாது என்று எத்தனை தடவை சொல்வது, இப்படிப் பளபளவென்று ஆக்கி வைத்திருக்கிறாயே, நாளையிலிருந்து குழிக்குள் இறங்காதே என்றார். சும்மா துடைத்தேன் சார் என்று அவன் முனகினான். காசை உறைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து போனார். முகாமே துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது. அந்த அமளியில் யாருக்கும் ஒரு விஷயம் நினைவில்லை. மாராத்தாளைப் படம் எடுக்கவில்லை.

முகாமின் நிறைவு நாளுக்குப் பல ஊர்களிலிருந்து பேராசிரியர்களும் பத்திரிகைக்காரர்களும் வருவதாக இருந்தார்கள். பங்களாவின் வயதை அன்று அறிவிப்பதாக ஏற்பாடு. உடன் இருந்த விரிவுரையாளர் ஒருவர் பேராசிரியரைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரே ஒரு காசு தானே, எலி வளை வழியாக உள்ளே விழுந்திருக்கலாம், இந்த வருடம் அதைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடலாமே என்றார். பேராசிரியர் அவரைப் பார்த்த பார்வையில் அந்த மனிதர் அப்புறம் இரண்டு நாள் சாப்பாட்டுக்கே வேறு பந்தியில் உட்கார்ந்தார். நான் சொன்னது தவறு, இந்தக் கட்டடம் ரயிலுக்குப் பின்னால் வந்தது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவதாகப் பேராசிரியர் முடிவு செய்துவிட்டார். சிரித்தவர்கள் எல்லாம் முன் வரிசையில் உட்காரப்போகிறார்கள்.

இதற்கு நடுவில் மாராத்தாளின் போக்கு எனக்குப் பிடிபடவில்லை. அத்தனை பேசுகிறவர் பேச்சை நிறுத்திவிட்டார். பொருள்கள் வைக்கும் அறைப் பக்கமே சுற்றிச் சுற்றி வந்தார். அந்தக் காசு எங்கே இருக்கிறது என்று கேட்டார். மறுநாள், அது எங்கே போகும் என்று கேட்டார். பெட்டியில் போட்டு முத்திரை வைத்துச் சென்னைக்குப் போகும் என்றேன். திரும்பி வராதா என்றார். வராது என்றேன். அவர் முகம் செத்துவிட்டது. போட்டோ எடுக்காத வருத்தம் என்று நினைத்து, சுரேஷிடம் சொல்கிறேன் என்றேன். வேண்டாமுங்க என்று போய்விட்டார்.

நிறைவு நாளுக்கு முந்தைய பிற்பகல். பொருள்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை என்னுடையது. அதே குழியில், தளத்துக்கு அடியில் அதே மண்ணில் கிடைத்த பித்தளைக் கீலை எடுத்தேன். பச்சை ஏறி, மண் கட்டியாக ஒட்டிப்போய் இருந்தது. அடுத்து காசு. பளிச்சென்று இளஞ்சிவப்பாக இருந்தது. கால்சட்டையில் தேய்த்ததால் என்று எல்லோரும் நம்பினோமே, அது எப்படி? சின்ன வயதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் சாமி விளக்கையும் செம்புச் சொம்பையும் தேய்த்த கை என்னுடையது. செம்பு இந்த நிறத்துக்கு வருவதற்கு வழி ஒன்றுதான், புளி. முகாம் சமையல்கட்டுக்குள் சுரேஷ் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. காசை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பெரிதாக்கும் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ராணியின் கொண்டைப் பள்ளத்தில் ஏதோ அடைந்திருந்தது. ஊசியால் தொட்டு எடுத்தால் மஞ்சள். அதற்கு மேல் கொஞ்சம் குங்குமம்.

வெள்ளைக்காரன் கட்டிய தளத்துக்கு அடியில் கிடந்த காசுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தது யார்? இது மண்ணுக்குள் கிடந்த காசே இல்லை. போன வாரம் வரைக்கும் யாரோ ஒருவர் வீட்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருந்த காசு. திரும்பி வராதா என்று மாராத்தாள் கேட்டது நினைவுக்கு வந்தது.

சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஓடினேன். பேராசிரியர் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, மறுநாள் பேசுவதற்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். கணவாய்க் காற்று எழும்பத் தொடங்கிய நேரம். தாள்களின் மேல் தாளுக்கொரு கல்லாக வைத்திருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா, இதே காசு என் பக்கம் பேசியிருந்தா, நீங்க அதோட கொண்டையில மஞ்சளைத் தேடியிருப்பீங்களா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நான் யோசித்தேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. தேடியிருக்க மாட்டேன் என்றேன்.

"அப்ப நாளைக்கு நான் தோத்துட்டேன்னுதான் சொல்லணும். பிடிக்காத சான்றைத் தூக்கிப் போடறதுக்குக் காரணம் எப்பவும் கிடைக்கும். சமையல்கட்டுல யாரோ தேய்ச்சிருக்கலாம், யாரோட நகத்துலயோ மஞ்சள் இருந்திருக்கலாம். உங்களுக்கு என் மேல பிரியம், அதனால பார்த்தீங்க. அது போதாது. வெச்சவங்க வாயால வந்தா கேட்டுக்கறேன். அதுவும் அவங்களா வந்தா."

யார் வைத்தது என்று அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன், அவர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மிரட்டி உண்மையை வாங்கியிருக்கலாம். மிரட்டி வாங்கிய உண்மையை மறுநாள் முன் வரிசை நம்புமா? தன் கொள்கையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கூலிக்காரம்மாவைப் பேச வைத்துவிட்டார் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவர் தாள் மேல் இருந்த கல்லை நகர்த்தி வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.

வேலை முடிந்து பெண்கள் தண்ணீர்த் தொட்டியடியில் சட்டியும் கொத்தும் கழுவிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் போகும் வரை காத்திருந்தேன். மாராத்தாள் கடைசிச் சட்டியைக் கவிழ்த்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசியில், அந்தக் காசில் புளி வாசம் அடிக்கிறது அக்கா என்றேன். அவர் கை அப்படியே நின்றது.

"அழுக்கா இருந்தா போட்டோவுல தெரியாதுன்னுதானுங்க தேச்சேன்," என்றார்.

அப்புறம் எல்லாம் வந்தது. அது அவருடைய அய்யன், அதாவது அப்பா, கல்யாணத்தன்று அவர் சேலை முந்தியில் முடிந்துவிட்ட காசு. கொடுப்பதற்கு அய்யனிடம் வேறொன்றும் இருக்கவில்லை. அது முதல் சாமி டப்பாவில் இருந்தது. பலகையில் போட்டோ போடுகிறார்கள் என்றதும், இதை மண்ணுக்குள் வைத்து எடுத்துக் கொடுத்தால் போட்டோ எடுப்பார்கள், எடுத்துவிட்டுக் காசைத் திருப்பித் தந்துவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறார். போட்டோவும் எடுக்கவில்லை, காசும் போய்விட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு போட்டோவுக்காகவா அக்கா என்று கேட்டேன்.

"என்ற புள்ள கல்யாணத்துல ஆல்பம் போட்டாங்க டீச்சர். அதுல என்ற கையி மட்டுந்தானுங்க இருக்குது, தட்டத்தப் புடிச்சுட்டு. இங்கயும் பலகையில பாத்தா அதே கையி."

வராந்தாப் பலகையின் ஓரத்தில் சட்டி பிடித்திருந்த கை யாருடையது என்று அப்போதுதான் புரிந்தது.

அவர் வைத்த காசால் என்ன ஆகிவிட்டது என்று சொன்னேன். பழசு பழசுதானே, இதில் எந்தப் பழசு என்று என்ன இருக்கிறது என்று அவர் நினைத்திருந்தார். பேராசிரியர் நாளை எல்லோர் முன்னாலும் தோற்றுவிட்டேன் என்று சொல்லப்போகிறார் என்றதும் பதறிவிட்டார். ஆனால் உடனே இன்னொரு பயமும் வந்தது. தான் சொன்னால் கூட வேலை செய்யும் பெண்கள் அத்தனை பேரையும் நிறுத்திவிடுவார்கள், அந்த ஊர்ப் பொம்பளைகளை நம்பக்கூடாது என்று பேராகிவிடும், அடுத்த கோடைக்கும் வேலை இல்லை. தன்னைப் பிடித்துக்கொண்டு போனாலும் போவார்கள். நிறுத்த மாட்டார்கள் என்று சத்தியம் பண்ணுங்க டீச்சர் என்றார்.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் சத்தியம் செய்திருப்பீர்கள். நல்ல மனதோடுதான் செய்திருப்பீர்கள். நான் செய்யவில்லை. முகாமில் நானும் பயிற்சிக்கு வந்த ஆள், யாரையும் வைக்கவோ நிறுத்தவோ எனக்கு அதிகாரம் கிடையாது. என் கையில் இல்லாததை எப்படிக் கொடுப்பது?

"என்னால சத்தியம் பண்ண முடியாதுக்கா. நீங்க சொல்லும்போது பக்கத்துல நிப்பேன். அது முடியும். சொல்லாட்டியும் உங்க பேரு என் வாயில வராது."

அவர் சட்டியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார்.

காலையில் வேலைக்கு வந்த பெண்கள் வரிசையில் மாராத்தாள் இல்லை. பந்தல் போட்டு நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டிகளைத் தூக்குகிற சாக்கில் சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பேராசிரியர் வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக நின்றார். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குறிப்புத் தாள்களை மடித்துப் பையில் வைத்தார். விருந்தாளிகள் வருகிற வேனுக்காகச் சுரேஷ் வாசலில் நின்றான். அப்போதுதான் வேலியோரமாக மாராத்தாள் வந்தார். மயில் கழுத்து நிறத்தில் நல்ல சேலை, எண்ணெய் வைத்து வாரிய தலை. நேராக என்னிடம் வந்து, "செயிலுக்குப் போனாலும் நல்ல சீலையோட போலாமுன்னுதானுங்க," என்றார். நான் சொன்னபடி பக்கத்தில் நின்றேன்.

"சாருங்க, அந்தக் காசு மண்ணுக்குள்ளார இருந்து வரலீங்க. என்ற ஊட்டுச் சாமி டப்பாவுல இருந்து வந்துச்சுங்க. நாந்தானுங்க வெச்சேன்."

பேராசிரியர் கோபப்படவில்லை, சந்தோஷப்படவும் இல்லை. உறையைப் பிரிக்காமலே, காசில் என்ன அடையாளம் இருக்கிறது என்று கேட்டார். ராணியின் மூக்கு தேய்ந்திருக்கும், பின்பக்கம் ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும், சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருடைய மகள் கல்லில் வைத்துக் குத்தியது என்றார் மாராத்தாள். பிரித்துப் பார்த்தார். மூக்கு தேய்ந்திருந்தது, வெட்டும் இருந்தது. பிறகு குழிக்குக் கூட்டிப்போய் எந்த இடத்தில், எப்போது வைத்தார் என்று காட்டச் சொன்னார். தேநீருக்கு எல்லோரும் எழுந்த நேரத்தில், உடைசலுக்கு அடியில் இளகியிருந்த மண்ணுக்குள் வைத்ததாகக் காட்டினார். எல்லாம் பொருந்தியது. நான் ஜன்னலோரம் கண்டுபிடித்தபோது நம்பாத மனிதர், இப்போது தலையாட்டினார்.

அடுத்து அவர் செய்ததைக் கேளுங்கள். முதலில் சுரேஷைக் கூப்பிட்டு, உன்னைத் திட்டியது என் தவறு என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பிறகு காசை மாராத்தாளின் உள்ளங்கையில் வைத்தார். பதிவு எண் கொடுத்த பொருளை எப்படித் திருப்பித் தருவது என்று அந்த எலி வளை விரிவுரையாளர் கேட்டார். மண்ணிலிருந்து வந்தால்தான் நம் பொருள், பதிவைத் திருத்துங்கள் என்றார் இவர். வேலையிலிருந்து யாரையும் நிறுத்தவில்லை. அந்தப் பேச்சே எழவில்லை.

வேன் வந்தது. முன் வரிசை நிறைந்தது. பேராசிரியர் சுருக்கமாகப் பேசினார். இந்தக் கட்டடம் ரயிலுக்கு முன்னா பின்னா என்று இந்தக் கோடையில் தெரியவில்லை என்றார். ஒரு காசு கிடைத்ததாகக் கேள்விப்பட்டோமே என்று ஒரு நிருபர் விடவில்லை. அது இந்த மண்ணுடைய காசு இல்லை, முகாமில் நாங்கள் ஒழுங்காக நடந்துகொள்ளாததால் உள்ளே வந்தது, பொறுப்பு என்னுடையது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். மாராத்தாள் பந்தலின் ஓரத்தில்தான் நின்றிருந்தார். அவர் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. முன் வரிசையில் ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும். அதற்குப் பிறகு பல கோடைகள் தோண்டினோம். அந்தப் பங்களாவின் வயது இன்றைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியாது. தெரியாது என்று அறிக்கையில் எழுதினோம். உங்களுக்கும் அந்த ஒரு சொல்லை எழுதக் கை கூசக் கூடாது.

விருந்தாளிகள் போன பிறகு பேராசிரியர் சுரேஷிடம், கேமரா எடுத்து வா, அன்றைக்கு ஒரு போட்டோ பாக்கி இருக்கிறது என்றார். மாராத்தாள் நம்பவில்லை. கிண்டல் செய்கிறார்கள் என்று என்னைப் பார்த்தார். எங்கள் வழக்கப்படி படத்தில் ஒரு சிலேட்டு இருக்க வேண்டும். எந்தக் குழி, எந்த அடுக்கு, என்ன பொருள் என்று அதில் எழுதுவோம். என்ன எழுதுவது என்று நான் சாக்பீசோடு விழித்தேன். உண்மையை எழுதினால் அந்த அம்மாவுக்குத் தலைகுனிவு. எழுதாமல் விட்டால் அது பொய்ப் படம். பேராசிரியர் சிலேட்டை வாங்கி, தானே எழுதி, மாராத்தாளின் காலடியில் சாய்த்து வைத்தார். 'மாராத்தாள் அவர்களின் வீட்டுக் காசு' என்று இருந்தது. அவ்வளவுதான்.

சுரேஷ் கிட்டே போனான். சின்னப் பொருளாக இருந்தால் உள்ளங்கையில் வைத்து, கை மட்டும் தெரிகிற மாதிரி எடுப்பதுதான் முறை. அவன் அப்படித்தான் குனிந்தான். மாராத்தாள் தான் நீட்டிய கையைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார்.

"இதுலயும் கையி மட்டுமுங்களா?" என்றார், மெதுவாக.

பேராசிரியர் சுரேஷின் தோளைப் பிடித்தார்.

"பின்னால போப்பா. இன்னும் பின்னால. அவங்க முழுசா தெரியணும்."

அந்தப் படத்தின் ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. தொழில்முறையில் பார்த்தால் உதவாத படம். காசு ஒரு புள்ளிதான், அதில் ராணி இருக்கிறாளா ராஜா இருக்கிறாரா என்று யாராலும் சொல்ல முடியாது. மாராத்தாளின் முகம் மட்டும் நன்றாகத் தெரிகிறது.